உன் ஏழு வரி நிரூபணம்

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைக் கழிக்கிறார்களாம். என்னுடையதை அனுப்பிவிட்டார்கள். உறையைப் பிரித்ததும் நமத்துப்போன காகித வாடை. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் உன் ஏழு வரிகள் இருக்கின்றன. உன் பெயர் இல்லை.

அப்போது நாம் இருவரும் முதுகலை மாணவர்கள். கேரி தீவிலிருந்து பஸ் மாறி மாறி நீ நகரத்துக்குள் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவாய். கடையில் தேநீர் ஆறிப்போகும்வரை கணிதம் பேசுவோம். குலம் என்னும் கணித அமைப்பில் ஓர் உறுப்பைப் பல சொற்களாக எழுதலாம். உறுப்புக்கு ஒரே சொல் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவற்றை ஓர் எளிய இயந்திரம் அடையாளம் காணவும் வேண்டும். எந்தக் குலத்திலும் இது முடியும் என்று நான் ஆய்வேட்டு வரைவில் எழுதியிருந்தேன்.

நான் அதை விளக்கிய கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் நீ எழுந்தாய்.

"முடியாதுலா. குலத்துக்கு முடிவே இல்ல, ஆனா எந்த உறுப்ப திரும்பத் திரும்பப் பெருக்குனாலும் ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துரும்னு வச்சுக்கோ. நீளமான சொல்லுல ஒரு துண்ட எத்தன தடவ போட்டாலும் உன் மெஷின் ஏத்துக்கும். அப்ப ரெண்டு சொல்லு ஒரே உறுப்பத்தானே காட்டும்?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"அடிப்படையே புரியாம பேசாத," என்றேன். சிலர் சிரித்தார்கள். நீ உட்கார்ந்துவிட்டாய்.

மறுநாள் காலையிலேயே நீ சொன்னது சரியென்று தெரிந்துவிட்டது. உன்னை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். என் கூற்றைத் தலைகீழாக்கி, உன் வாதத்தை என் தேற்றமாக எழுதிக்கொண்டேன். நீ அந்தப் பருவத்தோடு படிப்பை விட்டுவிட்டு, கிள்ளானில் டியூஷன் எடுக்கப் போய்விட்டாய்.

பல வருடம் கழித்து, கிள்ளான் பாசாரில் எதிரே வந்தாய்.

"உன் தீசிஸ் படிச்சேன். நல்லா எழுதியிருக்க," என்றாய். மீன் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாய். அதுதான் கடைசி.

உன் துக்க வீட்டில் உன் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது? உங்க கூடப் படிச்சேன்னு பெருமையா சொல்லுவா சார்." அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இன்று வகுப்பில் அந்த நிரூபணத்தை எழுதி, "இது என்னுடையதல்ல," என்று உன் பெயரைச் சொன்னேன். ஒரு மாணவி மட்டும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சார், பேரு எக்ஸாம்ல வருமா?"

"வராது," என்றேன்.

அவள் உன் பெயரை அடித்துவிட்டாள். அந்த 'வராது'வையும் நானேதான் சொன்னேன்.