உடைமுள்ளுக்கு அஞ்சாத டயர்

ஜனவரி 6, திங்கள்

சைக்கிள் வந்து சேர்ந்தது. இவர் மதுரையில் ஒரு நண்பரிடம் எனக்காக வாங்கி, பார்சலில் போடச் சொன்ன பழைய டூரிங் சைக்கிள். பின்னால் பை மாட்டக் கம்பியெல்லாம் வைத்துக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. டயர் இரண்டும் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கின்றன. கத்தாரில் இருக்கும் இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டயர் நீயே பாத்து வாங்கிரு. ஓட்டப் போறது நீதான?" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம், சாப்பிட்டியா. சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன்.

நான் கடைசியாக ஓட்டியது பதினொன்றாம் வகுப்பில் கவர்மெண்டு கொடுத்த சைக்கிள். அதை இவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜனவரி 8

பிப்ரவரி பிறந்ததும் லீவில் வருகிறார். பாபநாசத்தில் கிளம்பி, ஆற்றை ஒட்டியே அம்பாசமுத்திரம், எங்கள் டவுண், ஸ்ரீவைகுண்டம் என்று, ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் வரைக்கும் சைக்கிளில் போக வேண்டுமாம். நாலு நாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஸ்கேன் சென்டரில் என்னோடு எக்ஸ்ரே எடுக்கும் ஸ்னேகாவிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. "அக்கா, ஆத்தங்கரை பூரா உடைமரம். எங்க அண்ணன் பைக் டயரையே அந்த முள்ளு குத்திக் கிழிச்சிருக்கு. சைக்கிளெல்லாம் எம்மாத்திரம்?"

அதிலிருந்து கண்ணை மூடினால் முள்.

ஜனவரி 11, சனி

வாகையடி முக்கில் சிவசண்முகம் அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்குப் போனேன். "இருபத்தெட்டு ரொம்ப மெலிசு, முப்பத்தஞ்சு கேளு" என்று இவர் போனில் சொல்லியிருந்தார். கேட்டேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முப்பத்தஞ்சா? எம்மா, சைக்கிள்லயே பெரிசு இருபத்தெட்டுதான். முப்பத்தஞ்சு வேணும்னா மாட்டுவண்டிக்குத்தான் கேக்கணும்!"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, இருபத்தெட்டையே வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால் சக்கரத்துக்கு வளையல் போட்ட மாதிரி தொளதொளவென்று தொங்குகிறது. அப்புறம்தான் விளங்கியது. அண்ணாச்சி சொன்னது சக்கரத்தின் உயரம், அங்குலக் கணக்கு. இவர் சொன்னது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கு. இருவர் வாயிலும் அதே இருபத்தெட்டு.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணாச்சி, "உங்கூடச் சேந்து நானும்லா முட்டாளாயிட்டேன்" என்று வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன்.

இவரும் நானும்கூட அப்படித்தானோ? ஒருவர் உயரத்தைச் சொல்ல, மற்றவர் அகலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோமோ?

ஜனவரி 12, ஞாயிறு

உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்குப் பயம் முள்ளைக் கண்டு இல்லை.

கல்யாணமாகி மூன்று வருஷம். சேர்ந்து இருந்தது, முந்தின லீவையும் சேர்த்து, இரண்டு மாதம் தேறாது. அந்த லீவில் இவர் என்னிடம் பேசியதெல்லாம் அத்தை வழியாகத்தான். "அம்மா, அவளச் சாப்பிடச் சொல்லு." "அம்மா, அவ ரெடியாயிட்டாளா?" நான் பக்கத்திலேயே நிற்பேன். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? "அத்தை, அவங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேளுங்க." இவர் கெட்டவர் இல்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஒரு சொல்லுமே சொன்னதில்லை.

இப்போது நாலு நாள், நடுவில் அத்தை இல்லாமல். என்ன பேசுவோம்? முதல் நாள் வெயிலைப் பற்றிப் பேசலாம். ரெண்டாம் நாள்? இவளோடு பேச ஒன்றுமே இல்லை என்று அவருக்கு வழியிலேயே தெரிந்துவிட்டால்? இந்தத் தடவையும் இப்படியே போனால் அப்புறம் ஆயுசுக்கும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன்தான்.

டயராவது சரியாக அமைய வேண்டும். அது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கும்போதுகூட நினைப்பு டயரில்தான்.

ஜனவரி 17

இணையத்தில் வாசித்து வாசித்துத் தலை சுற்றுகிறது. மெலிந்த டயர் என்றால் வேகம். முள் ஏறினால் அவ்வளவுதான். பட்டை பட்டையாகப் பல் வைத்தது மண் ரோட்டுக்கு நல்லது. தார் ரோட்டில் உர்ரென்று இழுக்கும். அடியில் தடித்த ரப்பர்ப் பட்டை வைத்து, முள் குத்தாது என்று சொல்கிற ஒன்று இருக்கிறது, கனம். அதைப் போட்டால் நான் பின்தங்குவேன். இவர் முன்னால் போய் ஒரு புளியமரத்தடியில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். போடாவிட்டால் மருதூர் பக்கம் பொட்டல் காட்டில் காற்றுப் போய் நிற்பேன். அப்போதும் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள். டயர் வாங்கிப் பார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

போன் போட்டு, எது வாங்கட்டும் என்று கேட்டேன். "உனக்குப் பிடிச்சதை வாங்கு" என்றார். உனக்குப் பிடிச்சது என்றால்? அவருக்குப் பிடிக்காதது என்றா? அக்கறை இல்லை என்றா?

ஜனவரி 18

மறுபடியும் போன் போட்டேன். கனம் பற்றிக் கேட்டேன். கனம் பழகிரும் என்றார்.

ஜனவரி 20

முள் குத்தாததை ஆர்டர் போட்டேன். மத்தியானம் கேன்சல் செய்தேன். சாயங்காலம் திரும்பப் போட்டேன். ஸ்னேகா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

டயர் மாட்டியாயிற்று. சிவசண்முகம் அண்ணாச்சியே மாட்டித் தந்தார். விரலால் அழுத்திப் பார்த்து, "இதென்னம்மா, காண்டாமிருகத்துத் தோலு மாதிரில்லா இருக்கு" என்றார்.

குறுக்குத்துறை ரோட்டில் ஓட்டினேன். ஆற்றங்கரைப் பக்கம் வேண்டுமென்றே இறக்கினேன். சரக்கென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு உடைமுள். பிடுங்கிப் போட்டேன். காத்திருந்தேன். காற்று இறங்கவில்லை!

ஒரு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷம். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று தனியாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்று வந்துவிட்டார். இளைத்திருக்கிறார்.

வந்ததும் வராததுமாக, "அம்மா, அவ டயர் மாத்திட்டாளா?"

நான் பக்கத்துலதான நிக்கேன். என்னய நேரா கேட்டா வாய் வலிச்சிருமா? ஒரு மாசமா இதே கவலையாக் கெடந்து சாகுதேன், அம்மா அம்மான்னு… அடுப்படியில் போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் ஒரு சௌகரியம்.

புதன்கிழமை கிளம்புகிறோம்.

பிப்ரவரி 6

இடது கை. எழுத்து கோழி கிளறின மாதிரி. சுருக்கமாக.

நேற்றுக் காலை. பை கட்டியாச்சு. பாபநாசம் போக வேன் வெளியே. அத்தை சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது டயராச்சே. உருட்டிக்கிட்டே ஏத்துதேன் என்றேன். அத்தை: "உருட்டுனா சேராது, ஏறி உக்காந்து ஏத்தணும்." காருக்கு நசுங்கும். லாரிக்கு நசுங்கும். என் கனத்துக்கு நசுங்கவில்லை. வழுக்கி ஓடியது. சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது கையை ஊன்றி விழுந்தேன்.

ஸ்னேகாதான் எக்ஸ்ரே எடுத்தாள். "அசையாதீங்கக்கா." தினம் நான் மற்றவர்களிடம் சொல்வது. படத்தைப் பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம்.

அத்தை: "தலைக்கு வந்தது கையோட போச்சு." இவர் அத்தையைப் பார்த்த பார்வை!

பயணம் இல்லை. டயருக்கு ஒரு கீறல் இல்லை.

பிப்ரவரி 9

சடை பின்ன முடியவில்லை. அத்தைக்குக் கண் சரியில்லை. இவர் வந்து சீப்பை எடுத்தார். மூன்று கால் பிரிக்கத் தெரியாமல் இரண்டையே முறுக்கிக்கொண்டிருந்தார். "கயிறா திரிக்கீங்க? வலிக்குல்லா!" என்று கத்திவிட்டேன். கத்தியபின் பயந்துபோனேன்.

"ஏட்டி, தலைய ஆட்டாம இருந்தாத்தான பின்ன முடியும்" என்றார். என்னிடம். நேராக.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்வது நான், எழுதுவது இவர். இடது கையால் எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. "நீ சொல்லு, நான் எழுதுதேன்" என்றார். முன்பக்கத்தைப் புரட்ட மாட்டேன் என்று நெல்லையப்பர் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இன்றைக்குத் தோசை இவர் சுட்டார். முதல் மூன்றும் கல்லோடு போயின. இதெல்லாம் எழுதணுமா என்கிறார். எழுதணும் என்றேன். நாலாவது நன்றாக வந்தது என்றும் சேர்க்கச் சொல்கிறார். சுமாராக வந்தது.

சடை இப்போது நேராக வருகிறது. கல்யாணத்துக்கு முன் திருச்செந்தூர் வரை தனியாகச் சைக்கிளில் போய், திரும்ப ஓட்ட முடியாமல் பஸ் மேலே சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்த கதையைப் பின்னும்போது சொன்னார். நான் கவர்மெண்டு சைக்கிள் கதையைச் சொன்னேன். லீவை நீட்டிக் கேட்டிருக்கிறார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும்.

அடுத்ததைச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்கிறேன். எழுதுங்க. முள்ளுக்கு நான் பயப்படல. நாலு நாள் உங்ககூட என்னத்தப் பேசப் போறேன்னுதான் பயந்துகிட்டுக் கெடந்தேன்.

பேனாவை நிறுத்திவிட்டார். நிறுத்தியதையும் எழுதுங்க என்றேன்.

இனி வருவது செல்வி சொல்லி எழுதியது இல்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். நானும்தான் பயந்தேன். டயரை நானே அங்கிருந்து பார்த்து ஆர்டர் போட்டிருக்கலாம். நீயே வாங்கு என்று சொன்னது, அதைக் கேட்கவாவது நீ போன் போடுவாய் என்றுதான்.