நீலக் குப்பி

நாள் 412, காலை 07:10
கலிஸ்டோ நிலா, உயிரியல் ஆய்வுக்கூடம். எழுதுவது மெய்யம்மை. காற்று, நீர் சரி. உணவுக் கப்பல் வழியிலேயே சிதறிவிட்டதால் எனக்கும் இயக்குநருக்கும் அரை வயிற்றுச் சாப்பாடுதான்.

எலிச் சோதனை முடிந்தது. பசி வந்தால் செல்கள் தம் பழுதான பாகங்களைத் தாமே தின்று, அதிலிருந்து புதியதைக் கட்டிக்கொள்ளும். இதயமும் கல்லீரலும் ஓடுவது இந்தத் தன்னுண்ணலால்தான். சிவப்பு மருந்து அதை முடுக்கும், நீலம் நிறுத்தும். நீலம் மட்டும் போட்ட எலிகளுக்குக் கழிவு சேர்ந்து கல்லீரல் வீங்கியது, அவை செத்தன. சிவப்பு மட்டும் போட்டவை முதலில் துள்ளின, பிறகு இதயத் தசையையே தின்று தீர்த்தன. மாற்றி மாற்றிப் போட்டவை குறைந்த தீனியிலும் தாக்குப்பிடித்தன.

இயக்குநர் கிருபாகரனுக்கு எலி நாற்றம் ஆகாது. இந்த அறைக்குள் அவர் வந்ததே இல்லை. ஒலிபெருக்கியில் சொன்னேன்.

"நீலம் போட்டதெல்லாம் செத்துப்போச்சு, சார். சிவப்பு போட்டா..."

"செத்த கதையெல்லாம் எனக்கெதுக்கு? சுருக்கமா சொல்லு. சிவப்புதானே? சரி."

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நாள் 415, மாலை 16:40
வெளியே ஆண்டெனாவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எங்களிடம் இருந்த ஒரே கப்பல் தலைக்கு மேலே கிளம்பிப் போனது. தலைக்கவச ஒலிபெருக்கியில் கிருபாகரனின் குரல்.

"மன்னிச்சுக்கோ மெய்யம்மை. இருக்கிற சாப்பாடு ஒருத்தருக்கே காணாது. ஆராய்ச்சி பூமிக்குப் போய்ச் சேரணும்ல?"

ஆராய்ச்சியாம். என் ஆராய்ச்சி! உணவையும் சிவப்புக் குப்பிகளையும் வழித்தெடுத்துப் போயிருக்கிறான். நீலத்தைத் தொடவில்லை, விஷம் என்று நினைத்திருப்பான். எலித் தீனி மூட்டையையும் விட்டுவிட்டான். இன்று அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தேன். சிவப்பு இல்லாவிட்டால் என்ன, எனக்குப் பசி இருக்கிறது. தன்னுண்ணலை முடுக்க அது போதும், நிறுத்த நீலம் இருக்கிறது.

வயிறு எரிகிறது. பசியால் மட்டும் இல்லை. அவனைச் சும்மா விடமாட்டேன்.

நாள் 424, காலை 09:05
"மெய்யம்மா, கேக்குதா? நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கை காலெல்லாம் எலும்பாயிடுச்சு. மருந்தை நிறுத்திட்டேன், ஆனா உள்ள அது நிக்க மாட்டேங்குது. என்னம்மா பண்றது?"

அம்மாவாம். ஓடிப்போகும் நாள் வரை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டான். பதில் அனுப்பினேன்.

"நிறுத்தற மருந்து நீலம், சார். இங்கதான் இருக்கு. திரும்பி வாங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

நாள் 433, காலை 05:50
கப்பல் வந்து சேர்ந்துவிட்டது. இணைப்புக் கதவை என் பக்கம் பூட்டியிருக்கிறேன். கதவுக் கண்ணாடியில் அவன் முகம், தோல் போர்த்திய மண்டை. நீலக் குப்பியை எடுத்துக் காட்டினேன். இரண்டு கைகளையும் நீட்டினான்.

06:20
"கதவைத் தெறம்மா. உன் கால்ல விழறேன். நான் பண்ணினது தப்புதான். என் பொண்ணு பூமியில..."

ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினேன்.

"சுருக்கமா சொல்லுங்க, சார்."

07:10
தட்டும் சத்தம் நின்றுவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கப்பலில் பாதி உணவு அப்படியே இருக்கும். எலிகளையும் கூட்டிப் போவேன்.

முதலில் அவற்றுக்குத் தீனி வைக்க வேண்டும். அப்புறம் கதவு. அவசரமில்லை.