வெறும் டப்பா திரும்பக் கூடாது

கோட்டைக்ககம், திருவனந்தபுரம்
12 ஜனவரி 2025

டாம்பரே மாநகரைத் தனியொருத்தியாக ஆண்டுவரும் அக்கா பெண் ராஜஸ்ரீக்கு, மாமா ஸ்ரீகண்டன் ஆசீர்வதித்து எழுதுவது.

நேற்று நீ போனில் அழுத அழுகையில் இங்கே தம்பானூரில் முட்டளவு வெள்ளம். பஸ் ஸ்டாண்டில் தோணி விட்டார்கள். ஆகவே இனி போன் வேண்டாம், எழுத்துதான். மெயிலானாலும் தேதி, விளி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். நாம் என்ன சாமானியக் குடும்பமா?

நீ விம்மலுக்கு நடுவில் சொன்னது இவ்வளவுதானே? ஃபின்லாந்தில் சூரியன் பெரிய ஆபீசர் மாதிரி தாமதமாக வந்து மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறது. ஆபீஸ் வேலை தவிர ஒரு ஜீவனும் உன்னோடு பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, உன் காலடிச் சத்தம் கேட்டால் நீ தெருமுனை தாண்டும்வரை கதவைத் திறப்பதில்லை. வேலையில் நீடிப்பாயா என்று பிப்ரவரி கடைசிக்குள் சொல்ல வேண்டும். நீ மாட்டேன் என்று சொல்லப் போகிறாய்.

வா, தாராளமாக வா. டாக்ஸிக்கார சஜியிடம் சொல்லிவிட்டேன். “ஏர்போர்ட்டுக்கு ஒரு யானையும் வேணுமே” என்றேன். “சாரே, டிக்கியில கொள்ளாது” என்றான்.

உன் அம்மாவோ தினமும் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போய்வருகிறாள். எதற்கென்று கேட்டால் “உனக்கெதுக்குடா” என்கிறாள். உன்னை வரவழைக்கத்தான், வேறென்ன?

இப்படிக்கு,
அனந்தபுரியின் முடிசூடா (முடியே இல்லாத) மன்னன்,
ஸ்ரீகண்டன் மாமா

டாம்பரே
20 ஜனவரி 2025

மாமாவுக்கு நமஸ்காரம்.

இன்று ஓர் அதிசயம். என் வாசலில் ஒரு நீல டப்பா. உள்ளே ப்ளூபெர்ரி போட்ட கேக். மேலே ஒரு சீட்டு: “என் வாசல் பனியையும் சேர்த்து வாரியதற்கு. பிர்க்கோ.” அதே பக்கத்து வீட்டுக்காரிதான். ட்ராம் ஓட்டுகிறவள், ஐம்பது வயதிருக்கும். நன்றி சொல்லக் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். அப்படியே அவள் வாசலில் வைத்துவிடட்டுமா? இங்கே அதுதான் வழக்கமாம்.

ராஜினாமா எழுதியாயிற்று. இன்னும் அனுப்பவில்லை.

ராஜி

கோட்டைக்ககம்
21 ஜனவரி 2025

கோந்தே ராஜி,

வெறும் டப்பாவா! படித்ததும் என் குடுமி எழுந்து நின்றது. குடுமி இல்லாதவனுக்கே இந்தக் கதி!

நம் வீட்டுக்கும் எதிர்வீட்டு ஆஷா வீட்டுக்கும் நடுவில் ஓடும் எவர்சில்வர் தூக்கை நினைத்துப் பார். அவள் கப்பைக்கிழங்கு வைத்து அனுப்பினாள். அக்கா அடை வைத்துத் திருப்பினாள். அவள் சக்கைவறட்டி, இவள் சேவை. நீ பிறக்கும் முன்பே கிளம்பிய தூக்கு, இன்னும் நிற்கவில்லை. இன்றைக்கு அது யார் வீட்டுத் தூக்கு என்று சுப்ரீம் கோர்ட்டுக்கே தெரியாது, கேட்டாயோ.

ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடு. ஊருக்கு வருவதென்றால் வா. வருகிற அவசரத்தில் குலத்தின் மானத்தை மட்டும் பனியில் போட்டுவிட்டு வராதே.

உத்தரவுப்படி,
ஸ்ரீகண்ட மகாராஜா

டாம்பரே
16 பிப்ரவரி 2025

மாமா,

உங்கள் பேச்சைக் கேட்டு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

டப்பாவில் தட்டை பொரித்து வைத்துத் திருப்பினேன். இலவங்கப்பட்டை ரொட்டியோடு அது திரும்பி வந்தது. நான் ரவா லட்டு வைத்தேன். அவள், அரிசிக் கஞ்சியை உள்ளே அடைத்த ஏதோ ஒரு ரொட்டி. நான் எலுமிச்சை சாதம். போகப் போக அவள் ரொட்டி கருகி வர ஆரம்பித்தது. எனக்கும் உளுந்திலிருந்து கடலைமாவு வரை எல்லாம் தீர்ந்துவிட்டது.

நேற்று யாரோ கதவைத் தட்டினார்கள். பிர்க்கோ! கையில் காலி டப்பா. முகமெல்லாம் சிவப்பு. தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டாள்:

“நான் உனக்கு என்ன தப்பு செய்தேன்?”

“ஏன்?”

“எனக்குச் சமையல் பிடிக்காது. அந்த முதல் கேக்கைச் செய்ததே என் அக்கா. நீ பதிலுக்கு வைத்தாய். நான் மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாமா? ட்ராம் ஓட்டிவிட்டு வந்து மாவு பிசைகிறேன். கை வலிக்கிறது. இது எப்போது முடியும்?”

“முடியாது. எங்கள் ஊரில் வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது. நீதான் விடமாட்டேன் என்கிறாய் என்றல்லவா நான் நினைத்தேன்!”

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், டப்பா கைநழுவி உருண்டது.

உள்ளே வந்து உட்கார்ந்தவள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறக்காததற்கும் காரணம் சொன்னாள். வழியில் மறித்துப் பேசியோ, நன்றி சொல்ல வாசலில் நிற்கவைத்தோ ஒருத்தரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். இத்தனை மாதமாக எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தாளாம், மாமா!

இனி கடையில் வாங்கியதையும் போடலாம் என்று உடன்படிக்கை. கிளம்பும்போது காலி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீட்டில் வேறொன்றுமில்லை. ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

ஆக, டப்பா இப்போது அவள் வீட்டில். அது திரும்பி வராமல் நான் எப்படி ஊருக்கு வர முடியும்? வேலையில் நீடிக்கிறேன் என்று ஆபீஸுக்கு எழுதிவிட்டேன்.

அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அழுவாள்.

ராஜி

கோட்டைக்ககம்
17 பிப்ரவரி 2025

கோந்தே,

உன் கடிதம் வந்ததும் கோட்டையில் இருபத்தொரு குண்டு முழங்கிற்று. அல்லது எதிர்வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். சஜியைக் கூப்பிட்டு வண்டி வேண்டாம் என்றேன். “அப்போ யானையும் வேண்டாமோ சாரே?” என்றான் துக்கத்தோடு.

அடுத்தது அக்கா. அவள் எதிரே நிற்பதற்குப் பதில் புலிக்குப் பல் தேய்த்துவிடலாம். சமையலறை வாசலில் நின்று மென்று முழுங்கினேன்.

“அக்கா, மனசத் தேத்திக்கோ. ராஜி வரலையாம். அங்கயே இருக்கப் போறாளாம்.”

“ஏன்டா?”

“பக்கத்தாத்துக்காரி பேச ஆரம்பிச்சுட்டாளாம்.”

கரண்டியைக் கீழே வைத்தாள். “நெஜமாவா? உள்ள வந்து ஒக்காந்தாளா?”

“ரெண்டு மணி நேரம்.”

நேரே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“எங்க கெளம்பற?”

“பழவங்காடிக்கு. தேங்கா ஒடைக்கணும். வேண்டிண்டது நடந்துடுத்தே.”

“அவ திரும்பி வரணும்னுதானே வேண்டிண்டே?”

“போடா அசடே. அந்தக் குளிர்ல ஒத்தராவது கோந்தையோட பேசணும்னு வேண்டிண்டேன். ஊருக்கு வரதுக்குப் பிள்ளையார் எதுக்கு? ஒன் சஜி போறாதா?”

கூடப் போனேன். ஓங்கி உடைத்தாள். அவள் அழவில்லை, ராஜி. என் கண்ணில்தான் தேங்காய்த் தண்ணீர் தெறித்துவிட்டது. பிள்ளையார் சாட்சி.

இப்படிக்கு,
யானையைத் திருப்பி அனுப்பிய
மாமா