மூன்றாம் முறை கேட்பார்கள் என்று

புதன்கிழமை, அக்டோபர் 30

அன்புள்ள மகள் சிக்னே,

நீ அங்கே கோடியாக் தீவில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஈரமில்லாத காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே உன் அப்பாவும் நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது பாதிப் பொய் என்பதால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் எப்படி இருக்கீங்க என்று நீ கேட்ட உடனே பரவாயில்லை, மோசமில்லை என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும், பிறகு இரண்டு பேரும் வானிலையைப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். காகிதம் என்றால் நடுவில் தப்பித்து ஓட முடியாது. ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்து முதல் பனி விழுந்தது, காருக்குப் பனிக்கால டயர் இன்னும் மாற்றவில்லை. அப்பாவுக்கு இடது கை நடுக்கம் இப்போது வலது கைக்கும் வந்துவிட்டது, சட்டைப் பொத்தான் போட இருபது நிமிஷம் ஆகிறது, நான் கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன வாரம் அடுப்பில் இருந்த காபிப் பாத்திரத்தைத் தூக்கப் போய் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டார். மருந்து போட்டாயிற்று, ஆறி வருகிறது, பயப்படாதே. ஆனால் அவரைத் தனியாக விட்டுவிட்டு வகுப்புக்குப் போகும் ஒவ்வொரு நாளும் இடைவேளையில் வீட்டுக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் எங்கள் கல்லூரியின் புதிய தலைவர் ஆசிரியர்களையெல்லாம் கூட்டி, பத்து மாணவர்களுக்குக் கீழே உள்ள துறைகளைத் தொடர முடியாது என்று சொன்னதை உன்னிடம் சொன்னேனா, இல்லையா? சொல்லியிருக்க மாட்டேன். நிலவியலில் இப்போது ஏழு மாணவர்கள், ஆசிரியை நான் ஒருத்தி. தப்பிக்க ஒரே வழி, நம் ஏழு கல்லூரிக் கூட்டணியில் வேறொரு கல்லூரியோடு சேர்ந்து பாடங்களைப் பங்குபோட்டு நடத்துவது. அதற்குக் கூட்டணி வருஷத்துக்கு ஒரு முறை மானியம் தருகிறது, ஆசிரியர்களுக்குக் கோடையில் பயிற்சியும் தருகிறது. விண்ணப்பத்தில் குறைந்தது இரண்டு கல்லூரி ஆசிரியர்களின் பெயரும் அந்தந்தக் கல்லூரி டீன்களின் கையெழுத்தும் வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. நவம்பர் முதல் தேதி, அதாவது நாளை மறுநாள், மாலை ஐந்து மணிக்குக் கடைசி. அது கிடைக்காவிட்டால் பிப்ரவரியில் துறையை மூட ஓட்டுப் போடுவார்கள். துறை போனால் நான் போனேன், நான் போனால் அப்பாவின் மருத்துவக் காப்பீடும் என்னோடு போகும். ஐம்பத்தெட்டு வயதில் கல்லைப் பற்றி மட்டுமே தெரிந்த ஒருத்தியை யார் வேலைக்கு எடுப்பார்கள், சொல்.

வழி இருந்தது சிக்னே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஜூனில் கூட்டணியின் மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போனேன் அல்லவா, அங்கே ரெனாட்டா கபுவானோ என்று ஒருத்தி, தொண்ணூறு மைல் தள்ளி இருக்கும் கல்லூரியில் நிலவியல் சொல்லித்தருகிறாள். நியூ ஜெர்சிக்காரி, இங்கே வந்து இரண்டு வருஷம்தான், பேசினால் மூன்று மேஜைக்குக் கேட்கும், பார்த்த முதல் நாளே கட்டிப்பிடித்தாள், நான் மரம் மாதிரி நின்றேன். மதியச் சாப்பாட்டில் அவளே, நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாமே ஆர்டிஸ், ஆத்துப் பள்ளத்தாக்குப் பாடத்தை நீங்க எடுங்க, எரிமலையை நான் எடுக்கறேன் என்றாள். எனக்கு உள்ளே குதித்தது. வாய் என்ன சொன்னது தெரியுமா, ஐயோ வேண்டாம்மா, உனக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்றது. கடைசி நாள் கார் நிறுத்தும் இடத்தில் மறுபடி கேட்டாள். நானும் மறுபடி, இல்லம்மா, உனக்கு எதுக்குத் தொந்தரவு என்றேன். அவள் அப்ப சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. தேவாலயத்தில் ஒரு கோப்பைக் காபி கொடுத்தாலே முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம், மூன்றாம் தடவைதான், இவ்வளவு சொல்கிறீர்களே, அரைக் கோப்பை போதும் என்று கையை நீட்டுவோம். இரண்டோடு நிறுத்தினால் கேட்டவருக்கு மனசில்லை என்று அர்த்தம். நான் மூன்றாம் முறைக்குக் காத்திருந்தேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்கக் காத்திருந்தேன். இருபத்திரண்டு பக்க விண்ணப்பத்தைக்கூட எழுதி வைத்தேன், கூட்டாளி பெயர் வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அவள் கேட்டதும் போட்டுக்கொள்ளலாம் என்று. இப்படியும் ஒரு முட்டாள் உண்டா?

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரி மானிய அலுவலகத்து பெர்னடீன் என்னைக் கூப்பிட்டு, ரெனாட்டா இன்னொரு கல்லூரிக்காரர் ஒருவரோடு சேர்ந்து எழுதுகிறாளாம் என்று சொன்னாள். நேரா கேட்டிருக்க வேண்டியதுதானே, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றாள். கேட்பதா என்றேன். ஆமா, வாயைத் திறந்து கேக்கறது, ஜனங்க செய்யறாங்க ஆர்டிஸ், நான் பாத்திருக்கேன் என்றாள். அவள் கேலி பேசுகிறாளே தவிர அவளும் நம்ம ஊர்தான், பதினோரு வருஷமாகச் சம்பள உயர்வு கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு மற்ற நாலு கல்லூரிக்கும் எழுதினேன். இரண்டு பேர் சுவாரஸ்யமான யோசனை என்று பதில் போட்டார்கள். ஒருவர் யோசித்துப் பார்க்கலாம் என்றார். நாலாவது ஆள் உங்கள் பள்ளத்தாக்கில் இலை உதிர்ந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். நம் ஊர் வழக்கத்தில் நாலும் முடியாது என்பதுதான், உனக்குத் தெரியாததா.

திங்கட்கிழமை வகுப்பை ரத்து செய்தேன், இருபத்தாறு வருஷத்தில் இரண்டாம் முறை, முதல் முறை நீ பிறந்தபோது. எலுமிச்சை பார் பலகாரம் ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வழுக்கும் சாலையில் தொண்ணூறு மைல் ஓட்டிக்கொண்டு போனேன். கேட்டே தீருவது என்று வழியெல்லாம் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் கதவைத் திறந்து என்ன ஆர்டிஸ் இந்தப் பக்கம் என்றாள். சும்மா, இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே எட்டிப் பார்க்கலாம்னு என்றேன். தொண்ணூறு மைல் சும்மா! அரை மணி நேரம் பனியைப் பற்றிப் பேசினோம், சாலையைப் பற்றிப் பேசினோம், அவள் நாலு பார் சாப்பிட்டாள். பிறகு அவளாகவே, எங்க விண்ணப்பத்துல மூணாவது கல்லூரிக்கும் இடம் இருக்கு, உங்களைச் சேத்துக்கட்டுமா என்று கேட்டாள். சாமி கதவைத் தட்டினாற்போல இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று உன்னால் ஊகிக்க முடியும். ஐயோ, எல்லாத்தையும் எழுதி முடிச்சிருப்பீங்க, இப்பப் போய் எனக்காக எதுக்கு என்றேன். அதுதான் மூன்றாம் முறை, சிக்னே. ஆனால் கல்லூரி மூன்று, ஆள் மூன்று என்றதும் அதை வேறொரு புதுப் பேச்சாக என் மனம் எடுத்துக்கொண்டது, புதுப் பேச்சு என்றால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டாமா? திரும்பி வரும்போது பாதி வழியில்தான் உறைத்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். கைக்கு எட்டியதை நானே தட்டிவிட்டேன்.

நேற்று முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அப்பாதான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, என் கை ஆடுதுன்னு பாக்கற, உன் கையைப் பாரு என்றார். இதோ இந்த வரியோடு எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிடப் போகிறேன். எனக்கு வேணும், என்னைச் சேத்துக்கோ என்று நாலு சொல்தான், துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

கூப்பிட்டேன். வானிலை பேசவில்லை, அப்படியே படித்துவிட்டேன். முடியாது ஆர்டிஸ் என்றாள். இன்னிக்குக் காலையில பத்து மணிக்கு விண்ணப்பத்தை இணையத்துல ஏத்திட்டோம், ரெண்டு டீனும் கையெழுத்துப் போட்டாச்சு, ஏத்தினா திறக்க முடியாது, கூட்டணி ஆபீஸைக் கூப்பிட்டுக் கேக்கறேன் ஆனா முடியாதுன்னுதான் சொல்வாங்க என்றாள். இருபது நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டு, முடியாதுன்னுட்டாங்க என்றாள். அப்புறம் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. மூணு தடவை கேட்டேனே, மூணு தடவையும் வேண்டாம்னீங்களே, எங்க அம்மா வீட்டுல சோறு வேண்டாம்னு சொன்னா சட்டியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க, வேணும்னா வேணும்னு சொல்ல மாட்டீங்களா என்று கத்திக்கொண்டே அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வாழ்நாளில் எனக்கு நேராக முடியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான், அது வலித்தது, ஆனாலும் இலை உதிர்ந்துவிட்டதா என்று கேட்டவரைவிட அவள் எவ்வளவோ மேல்.

ஆக வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொள். சம்பளமும் காப்பீடும் மே வரை இருக்கும், அதற்குள் வேறு எங்காவது தேடியாக வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும், நான் போகும் இடத்துக்கெல்லாம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, தனியாக விடவும் முடியாது. ஆகஸ்டில் நீ ஒரு முறை, குளிர்காலத்துக்கு நான் வீட்டுக்கு வந்துடவாம்மா என்று கேட்டாய். வேண்டாம், உன் வேலையைப் பார் என்றேன். செப்டம்பரில் இன்னொரு முறை கேட்டாய். உனக்கு எதற்குச் சிரமம் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. நீ ரெனாட்டா இல்லை, நம் வீட்டில் வளர்ந்தவள், இரண்டோடு நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினாய் என்று எனக்கும் தெரியும், அந்த வயதில் நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. உனக்கு மனசில்லை என்று தெரிந்தும் கேட்கிறேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வா. எனக்கு நீ வேண்டும். உன்னால் முடியாது என்றால் சுவாரஸ்யமான யோசனை என்று எழுதாதே, வானிலையும் எழுதாதே, முடியாது என்றே எழுது. அதைக் கேட்டுக்கொள்ள இன்று கற்றுக்கொண்டேன்.

கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். அலை பெரிதாக இருக்கும் நாளில் படகுத்துறைக்குத் தனியாகப் போகாதே. அப்பா தன் கையாலேயே ஒரு வரி எழுதுவேன் என்று பேனாவைக் கேட்கிறார், கீழே கோணலாக இருப்பது அவர் எழுத்துதான், வா என்று படிக்க வேண்டும்.

உன் அம்மா,
ஆர்டிஸ்