உன்னைத்தான் மறுக்கா கேட்டாங்கள்

ஓம், இவ்வளவுதான் எண்டுதான் உன்ட தங்கச்சிக்குச் சொன்னனான். பொய்தான்டா. உன்ட கவிதை ஒண்டைக் குடுக்கேல்லை.

இப்பதான் எழும்பிப் போறா. நான் சொல்லச் சொல்ல எழுதின கொப்பியை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு, "முப்பத்தொராம் நாளுக்குப் புத்தகமா அடிச்சு அம்மாவுக்கு அனுப்போணும் அண்ணா. சண்டையில ஊர்ப் பாதை பூட்டினபடியா அவ கடைசியா முகமும் பாக்கேல்லை" எண்டா. அவ இருந்த கதிரைக்குப் பின்னாலதான் நீ கோல் எடுக்கிற பூத். கதவு திறந்து கிடக்கு. அதைப் பாத்த உடன எனக்கு வயிறு எரியத் தொடங்கீற்று. அதுதான் பில் புத்தகத்தின்ட பின்பக்கத்தில எழுதிறன்.

உனக்கு எல்லாம் லேசா வந்ததுடா. நீ செத்ததைக் கூட ஆக்கள் கவிதை ஆக்கீற்றாங்கள். வெளிநாட்டில இருந்து கோல் எடுக்கிறவன் எல்லாம், "குண்டோ? பிடிச்சுக்கொண்டு போனவங்களோ?" எண்டு கேக்கிறான். டெங்கு எண்டா ஒருத்தனும் நம்புறான் இல்லை.

ரெண்டு பேரும் ஒரே நாளிலதான் கவிதை வாசிக்கத் தொடங்கினம். நான் ஏ.எல் படிப்பை இடையில விட்டுப்போட்டு இந்தக் கொமியூனிகேசன் கடையில நிண்டன். நீ வெள்ளவத்தை லொட்ஜில விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாய். ஞாயிறு பேப்பரில வந்த கவிதையைக் கொண்டுபோய், தண்டவாளத்துக்கு அங்கால கல்லில இருந்து வாசிச்சம். எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை.

"விளங்காட்டி விடு மச்சான். மறுக்கா வாசி" எண்டாய்.

மறுக்கா வாசிச்சன். மறுக்காவும் விளங்கேல்லை. நிமிர்ந்து பாத்தா நீ கடலைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருக்கிறாய். உனக்கு விளங்கீற்று. அண்டைக்குப் பிடிச்சது எனக்கு இந்தப் பொறாமை.

பிறகு எழுதத் தொடங்கினம். நான் குருதி எண்டு எழுதினன், விடியல் எண்டு எழுதினன், சிறகு எண்டு ஒரு பத்துத் தரம் எழுதினன். நீ லொட்ஜில குளிக்கிறதுக்கு நிக்கிற கியூவை எழுதினாய், பொலிஸ் பதிவுத் துண்டு நனைஞ்சு போனதை எழுதினாய். என்ட கவிதையை வாசிச்சுப்போட்டு, "டேய், நீ எப்பவாவது வாயால குருதி எண்டு சொல்லியிருக்கிறியோ?" எண்டு கேட்டாய். ரெண்டு நாள் உன்னோட கதைக்கேல்லை நான்.

கொட்டாஞ்சேனையில பிரஸ்ஸுக்கு மேல் மாடி. பிரஸ் அக்கா நடத்திற கவிதைக் கூட்டம், மாசத்தின்ட முதல் ஞாயிறு. அங்க கை தட்டக்கூடாது. பிடிச்சா "மறுக்கா" எண்டு கேப்பினம், அவ்வளவுதான். நான் வாசிச்சு முடிய ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது. கண்ணாடி போட்ட ஒருத்தர், "நல்ல முயற்சி தம்பி" எண்டார். நீ வாசிச்சாய். மூண்டு பக்கத்தால மறுக்கா, மறுக்கா எண்டாங்கள்.

திரும்பி வரேக்க சென்றியில மறிச்ச ஆமிக்காரன் உன்ட கொப்பியைப் பிரிச்சான். "மே மொகக்த?" என்ன இது எண்டு சிங்களத்தில கேட்டான்.

"கவி" எண்டாய். சிங்களத்திலயும் அது கவிதான்.

வாசிக்கச் சொன்னான். தமிழில வாசிச்சாய். அவன் உன்ட வாயையே பாத்துக்கொண்டு நிண்டான். பிறகு, "ஆயெத் கியன்ன" எண்டான். திரும்பச் சொல்லட்டாம்! அந்த நேரத்திலயும் மனசுக்குள்ள என்ன வந்தது தெரியுமோ? இவனும் உன்னைத்தான் மறுக்கா கேக்கிறான் எண்டு.

அதுக்குப் பிறகு கொப்பியைக் கிழிச்சுப் போட்டாய். "உனக்குத்தான் ஞாபகசக்தி இருக்கே. நீ வச்சிரு" எண்டாய். எழுதி எழுதி எனக்குச் சொல்லிப்போட்டு, கடதாசியைக் கிழிச்சு எறிஞ்சாய். நானும் பாடமாக்கினன். ஒருநாளாவது என்ட கவிதையில ஒரு வரி நீ பாடமாக்கினியோ? என்னைக் கொப்பியாத்தான்டா வச்சிருந்தாய்.

குடுக்காதது எது எண்டு உனக்குத் தெரியும். இந்தப் பூத்துக்க நிண்டு அம்மாவோட கதைச்சுப்போட்டு வெளிய வந்து, கவுண்டரில கையை ஊண்டிக்கொண்டு சொன்னது.

அம்மா கேட்டா, சாப்பிட்டியோ எண்டு.
ஓம் எண்டன்.
நான் கேட்டன், அங்க சத்தமோ எண்டு.
இல்லை எண்டா.
ரெண்டு பொய்யும்
சுகமா இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு அம்பது பேர் இந்தப் பொய்யை இங்க நிண்டு சொல்லுறாங்கள். ரெண்டு வருசமா கேட்டுக்கொண்டு இருக்கிறவன் நான். என்ட கடை, என்ட காது. நீ ஒருக்கா வந்து நிண்டுபோட்டு எடுத்துக்கொண்டு போட்டாய். அடுத்த கிழமை காய்ச்சல் எண்டு படுத்தாய். வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அதால போன ஞாயிறு கூட்டத்தில அதை என்ட கவிதை எண்டு வாசிச்சன்.

ஃபேன் சத்தம். பிறகு பிரஸ் அக்கா மெதுவா, "மறுக்கா வாசியும் தம்பி" எண்டா.

எத்தினை மாசம் காத்திருந்தன் அந்தச் சொல்லுக்கு! ரெண்டாந்தரம் வாசிக்கேக்க எனக்கு ஒரு ஆசை வந்தது. இதில என்டயும் ஒண்டு இருக்கட்டும் எண்டு. பொய் எண்டதை எடுத்துப்போட்டு, "ரெண்டு பேரும் சுகமா இருக்கட்டும்" எண்டு முடிச்சன். நல்லாத்தான் இருக்கு எண்டு நினைச்சன்டா.

அக்கா தலையை ஆட்டினா. "முதல் பொய் எண்டெல்லோ வாசிச்சனீர்? ஏன் மாத்தினனீர்? அந்தச் சொல்லுதானே தம்பி கவிதை."

அப்பதான் விளங்கினது. உன்ட கவிதை ஒண்டு முழுசா எனக்கு விளங்கினது அண்டைக்குத்தான், நான் பழுதாக்கின பிறகு.

அம்மா வாசிச்சா அழுவா, அதால குடுக்கேல்லை எண்டு எனக்கு நானே சொல்லிப் பாத்தன். சும்மா சாட்டு. உன்ட புத்தகத்துக்கு டைப் அடிக்கிறதும் அதே பிரஸ் அக்காதான். இதைக் குடுத்தா, முதல் வரியிலயே என்ட களவு விளங்கி நிமிர்ந்து பாப்பா. அதுக்குப் பிறகு அந்த மாடியில நான் வாயே திறக்கேலாது.

உன்ட கவிதை எல்லாம் இண்டைக்குக் கடதாசிக்குப் போயிடும். பொறாமை போகாது, அதை நீ சொல்லித் தரேல்லை, அது என்ட. நாளைக்கும் இந்தக் கவுண்டரில அதை வச்சுக்கொண்டுதான் இருப்பன், எனக்கெண்டு ஒரு வரி வருமட்டும்.

எங்கயோ செக்கிங் போல, இவ்வளவு நேரமா பஸ் ஒண்டும் வரேல்லை. தங்கச்சி இன்னும் பஸ் ஹோல்ட்டிலதான் நிக்கிறா, இங்க இருந்து தெரியுது. அந்தா, மட்டக்குளி பஸ். அவ கையைக் காட்டுறா. அவ ஏற முந்தி அந்த ஆறு வரியையும் குடுக்கோணும், நான் போகோணும்டா.