மாப்பிள்ளைக்குக் காட்டிய மரங்கள்

சுங்கை பட்டாணி,
10 நவம்பர் 1985

அன்புள்ள கிளாரன்ஸ் அத்தானுக்கு,

மாதா காவலில் நானும் அப்பாவும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே மழை விட்டபாடில்லை. தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு சரியாக நடக்கவில்லை.

செயற்கைக்கோள் படங்களை வைத்து நீங்கள் செய்யும் ஆராய்ச்சிக்கு ஒரு கம்பெனி உதவுகிறது, ஜனவரியில் நானும் லண்டனுக்கு வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

போன சனிக்கிழமை அப்பாவைப் பார்க்க சிடாம் கிரி தோட்டத்துக்குப் போனேன். ஆபீஸ் வாசலில் ஆட்களைக் கூட்டி, மானேஜர் ஒரு கலர் படத்தை விரித்திருந்தார். செயற்கைக்கோள் எடுத்த படமாம். நல்ல ரப்பர் பச்சை, கிழட்டு ரப்பர் பழுப்பு என்று கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்ததாம். பழுப்பையெல்லாம் வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள். அந்த வேலைக்குக் குத்தகை ஆட்கள் வருவார்களாம். லயத்து வீடுகளில் இருக்கும் பால்வெட்டு ஆட்கள் வருஷம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பழுப்பு இடங்களை எங்கள் ஆட்கள் வாயில் புழங்கும் பெயர்களிலேயே மானேஜர் வாசித்தார். மருதம்மாள் நிரை, முனியாண்டி முக்கு. எந்தச் செயற்கைக்கோளுக்கு முனியாண்டி முக்கு தெரியும், அத்தான்?

தங்கள் மர நிரையில் பால் குறைந்துவிட்டது என்று எங்கள் ஆட்கள் வெளியாளிடம் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிழைப்பு போய்விடும். நீங்கள் படத்தோடு வந்து கேட்டபோது உங்களிடம் சொன்னார்கள். தோட்டத்துப் பெண்ணைக் கட்டியவர் தோட்டத்துக்கே மாப்பிள்ளை அல்லவா? பட்டை காய்ந்த மரங்களை மருதம்மாள் அக்கா சேற்றில் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். படத்தைச் சரிபார்க்கத்தான் கேட்கிறார், வெறும் படிப்புக்குத்தான் என்று முன்னால் நின்று சொன்னவள் நான். வாக்குக் கொடுத்தது நான், விற்றது நீங்கள்.

முதலிலேயே பேசி வைத்துக்கொண்டுதான் என்னை அங்கே கூட்டிப்போனீர்களா, இல்லை பிறகுதான் ஆசை வந்ததா? எதுவானாலும் உங்கள் கையால் எழுதுங்கள்.

அப்பா வெட்டும் நிரையும் பழுப்புதான். என்னோடு வந்து இருங்கள் என்றால் தலையை ஆட்டுகிறார், கிளம்ப மாட்டேன் என்கிறார். ஆனால் யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் படத்தைக் கம்பெனிக்காரன் திருடிவிட்டான் என்றே நம்புகிறார்கள். நான் பஸ் ஏறும்போது மருதம்மாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் எழுதிடாதம்மா. படிக்கிற புள்ள, மனசு ஒடஞ்சி போயிரும்லா."

கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

எனக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். நீங்கள் வருவதானால் நேரே தோட்டத்துக்குப் போய்விடாதீர்கள். வீடு போகிற நேரத்திலும் அவர்கள் உங்களுக்குக் கோழி அடித்துச் சோறு போடுவார்கள். அதை என்னால் பார்க்க முடியாது. முதலில் என்னிடம் வாருங்கள்.

ஆண்டவர் உங்கள் படிப்பை நல்லபடியாக முடித்துத் தரட்டும்.

இப்படிக்கு,
வால்டர் மகள் பிரிஜெட்