தங்கச்சாமி வாயில் நீ வைத்த புகைக்குழாய்

ஆமத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள எழிலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் வலது கட்டைவிரலைத் தவிர. அங்கே மாண்ட்ரியலில் நீ நலமாக இருப்பதை உன் கம்பெனி இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கையில் பரிசுக் கோப்பை இருக்கிறது, தலை சீவவில்லை என்று அம்மா சொல்கிறாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ மூன்று தடவை "ம்" சொல்லி அதை முடித்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் அப்படிச் சொல்ல முடியாது.

கட்டைவிரலை விருதுநகரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். மடக்கிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை சார் பாத்தீக?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருடம் நிருபர் என்றேன். எழுதி எழுதி வந்த வலியாக இருக்கும் என்று அவரே இரக்கப்பட்டார், நான் மறுக்கவில்லை. அறுபத்து நான்கு வயதில் எலும்புக்கூடுகளை வாளால் வெட்டி வந்த வலி என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நீ அனுப்பிய வீடியோ விளையாட்டுக் கன்சோலை அம்மா டப்பா என்றுதான் சொல்கிறாள். "டப்பாவை வச்சிட்டுச் சாப்பிட வாரீகளா, இல்ல அந்த ராணியம்மா வீட்லயே சாப்பிட்டுக்கிடுதீகளா?" என்பது தினமும் நான் கேட்கும் கேள்வி.

உன் கம்பெனி படைத்த அந்த ராஜ்யத்தைப் பற்றி என் அறிக்கை இது. நாட்டுக்கே ஆபத்து, வடக்கு மலையில் அசுரராஜன் படை திரட்டுகிறான் என்று முதல் ஐந்து நிமிடத்தில் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்து சொல்கிறார். சொன்ன கையோடு, முதலில் என் ஆட்டைத் தேடிக் கொடு என்கிறார். கொடுத்தேன். அடுத்த வீட்டுக்காரிக்குக் காளான் வேண்டுமாம். பன்னிரண்டு நாள் காளான் பறித்தேன், அத்தனை நாளும் அசுரராஜன் மலையில் மரியாதையாகக் காத்திருந்தான். நம் தெருவுக்கு வரும் சிலிண்டர்காரர் இரண்டு நிமிடம் காத்திருக்க மாட்டார். யார் வீட்டுக் கதவையும் திறந்து உள்ளே போய்ப் பானையை உடைத்து இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரன் அடுப்பருகில் நின்றபடி இன்று நல்ல வெயில் என்கிறான். ஒரு நாய் குரைக்கவில்லை. என் கதாநாயகியின் பையில் பதினேழு வாள், ஒரு முழுப் பன்றி, நாற்பது ஆப்பிள். பதினெட்டாவது வாளை எடுத்ததும் நிறைமாதக்காரி போல நடக்கிறாள். வெட்டுப்பட்டால் சண்டையை நிறுத்திவிட்டு முப்பது ஆப்பிள் தின்கிறாள், காயம் ஆறிவிடுகிறது, எதிரியும் தின்று முடிக்கட்டும் என்று நிற்கிறான். அவளுடைய இரும்புச் சட்டையைப் பார்த்துவிட்டு அம்மா, "கழுத்துக்கு இரும்பு, கைக்கு இரும்பு, வயித்துக்கு மட்டும் ஒண்ணுமில்ல. ஈட்டி எங்கன குத்தும்னு நெனைச்சு இதைத் தைச்சாக?" என்று கேட்டாள். இதற்கு உன் கம்பெனி தரப்பில் விளக்கம் உண்டா? இன்னொன்று, ஓர் ஊருக்குள் போனால் எல்லோரிடமும் பேசாமல் வெளியே வர எனக்குத் தெரியாது. முதல் ஊரில் அறுபத்து மூன்று பேரிடம் பேசி நோட்டில் குறித்தேன். அதில் நாற்பத்தொரு பேர் எழுத்துப் பிசகாமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அமைச்சர் வந்துபோன கிராமங்களில் மட்டும்தான் இதற்கு முன் நான் இப்படிக் கேட்டிருக்கிறேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஐந்து வாரம் விளையாடியதற்குக் காரணம் எதிர்வீட்டு முருகம்மாள். அந்த விளையாட்டில் நாலாவது ஊர் நீ எழுதியது, அங்கே பட்டாசு செய்கிறார்கள், அதில் நம் தங்கச்சாமி மாமாவை அப்படியே வைத்திருக்கிறேன் என்று மாசி மாதம் நீ போனில் சொன்னாய். பதினாறு வருடத்துக்கு முன் எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து வெடிவிபத்தில் செத்த மனிதன் உன் விளையாட்டில் நடக்கிறான், பேசுகிறான் என்ற செய்தியை அம்மா அன்று சாயங்காலத்துக்குள் அவன் பெண்டாட்டி முருகம்மாளிடம் சேர்த்துவிட்டாள். முருகம்மாள் வந்து, "அண்ணே, எனக்கு ஒரே ஒரு தடவை காட்டுங்க. வீட்ல ஒரு போட்டோதான் இருக்கு, அதுல அசையாம நிக்காக" என்றாள். உன் விளையாட்டில் நாலாவது ஊருக்கு நேராகப் போக முடியாது, முதல் மூன்று ஊர்க் காளானையும் பறித்தாக வேண்டும். ஞாயிறு அவளுக்கு ஆலை லீவு, ஒவ்வொரு ஞாயிறும் அவள் வாசலில் வந்து நின்று, "ஊரு வந்திருச்சா?" என்பாள். இன்னும் ரெண்டு ஊர் இருக்கு என்பேன். "எம்புட்டு நாளு நடக்கிறது, அந்தப் பக்கம் பஸ்ஸு கிடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

போன புதன்கிழமை நாலாவது ஊர் வந்தது. வெடிமருந்து கலக்கும் மருந்து அறை வாசலில் கதாநாயகியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இடுப்பில் வாள், காலில் லாடம் அடித்த பூட்ஸ், கையில் எரிகிற பந்தம். இந்தக் கோலத்தில் நம் பக்கத்தில் எவளாவது மருந்து அறைக்குள் கால் வைப்பாளா? இது நீ எழுதிய ஊர், நம் ஊர்ப் பிள்ளை எழுதியது, ஆகையால் இரும்பைக் கழற்றினால்தான் கதவு திறக்கும் என்று நினைத்துவிட்டேன். வாளை வைத்தேன், பந்தத்தை அணைத்தேன், பூட்ஸைக் கழற்றினேன், இரும்புச் சட்டையைக் கழற்றினேன். உள்ளே போகுமுன் உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கக் கை வைக்கும் செம்புத் தகடு எங்கே என்று இரண்டு நாள் சுவர் சுவராகத் தேடினேன். உள்பாவாடையோடு ஒருத்தி சுவரைத் தடவுகிறாள் என்று காவலர்கள் வந்து அடித்துச் சிறையில் போட்டார்கள். கடைசியில் கோபம் வந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு பந்தத்தோடு நடந்தேன், கதவு தானாகத் திறந்தது. பட்டாசு ஆலைகளுக்கு நாக்பூரில் இருந்து உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் பார்த்தால் உன் ராஜ்யத்துக்கே சீல் வைப்பார்கள்.

உள்ளே தங்கச்சாமி நின்றான். இதில் கேலி இல்லை எழில். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பது, பேசுமுன் காது மடலைச் சொறிவது, துண்டை வலது தோளில் மட்டும் போடுவது, எல்லாம் அவனேதான். பள்ளிக்கூடப் பையோடு போகும்போது இவ்வளவு பார்த்திருக்கிறாய். ஆனால் வாயில் புகைக்குழாய் இருந்தது. அவனிடம் பேசிவிட்டு வெளியே வந்ததும் அறை வெடித்தது, அவனும் இன்னும் ஐந்து பேரும் சாவு. யார் காரணம் என்று விசாரிக்கும் வேலையை ஊர்த்தலைவர் என் கதாநாயகியிடம் கொடுத்தார். எனக்கு இது கை வந்த வேலை. அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், மருந்து எவ்வளவு, எந்த நேரத்து வெயில் என்று கேட்கப் போனேன். அதைக் கேட்க உன் விளையாட்டில் வழியே இல்லை. விடை மூன்றுதான், அசுரனின் சூழ்ச்சி, பக்கத்து நாட்டு ஒற்றன், போர்மேனின் புகைக்குழாய். முதல் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், தவறு என்றது. மூன்றாவதைச் சொன்னதும் சங்கு ஊதி, வாழ்த்தி, அந்தக் குழாயையே பரிசாக என் பையில் போட்டது. நீ கோப்பை வாங்கியது இந்தக் கதைக்குத்தானாம். சொந்த ஊரில் நடந்த உண்மைச் சம்பவம் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாய். உண்மை என்ற சொல்லைக் கோப்பையோடு சேர்த்துத் தூக்கிப் பிடிக்குமுன் ஒரு தடவை எனக்குப் போன் செய்திருக்கலாம். ஒரே ஒருவர் சொன்னதை வைத்து எழுதாதே என்று உனக்கு நான் சொன்னதில்லையா?

அந்த ஒரே ஒருவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். நீ வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தாயே, என் பெயர் போட்டு முதல் பக்கத்தில் வந்த செய்தி, அதுதான். "தொழிலாளர் ஒருவர் பீடி பற்ற வைத்தபோது பறந்த பொறியால் விபத்து நேரிட்டது முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது." இந்த வாக்கியம் என்னுடையது. விசாரணை என்பது ஆலை முதலாளி சொன்னதை இன்ஸ்பெக்டர் சொல்ல, இன்ஸ்பெக்டர் சொன்னதை நான் எழுதியது. தொழிலாளர் ஒருவர் என்று பெயரைப் போடாமல் விட்டதை அன்று நாகரிகம் என்று நினைத்தேன். செத்த ஆறு பேரில் ஆண் அவன் ஒருவன்தான், ஊருக்குப் பெயர் வேறு தேவைப்படவில்லை. எழில், தங்கச்சாமி வெற்றிலை போடுவான், பீடியைத் தொட்டதில்லை. காலையில் ஆலை வாசலில் நின்று ஒவ்வொருவர் மடியையும் தடவி, பீடி தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விடுவதே அவன் வேலை. செய்தி எடுக்கப் போன என் சட்டைப் பையையே தடவி இருக்கிறான். இது எனக்குத் தெரிந்திருந்தும் அந்த வாக்கியத்தை எழுதினேன். பேப்பர் அச்சுக்குப் போகும் அவசரம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து அரசு விசாரணை அறிக்கை வந்தது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர், அனுமதித்ததைப் போல மூன்று பங்கு மருந்து, கத்திரி வெயிலில் உச்சிப் பொழுதில் கலவை, அதில் உராய்வு. அதையும் நானே எழுதினேன், ஏழாம் பக்கத்தில் நாலு வரி. பீடி பற்றி முன்பு எழுதியது தவறு என்று அந்த நாலு வரியில் ஓர் இடத்திலும் இல்லை. அதற்குள் முருகம்மாளுக்கு, பீடி குடித்து அஞ்சு பொம்பளைகளைக் கொன்றவன் பெண்டாட்டி என்று ஊரில் பெயர் வந்து நிலைத்துவிட்டது. ஆலைக் குழாயடியில் அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் அவளுக்கு இடம் விடாமல் குடம் வைத்தார்கள், இன்றும் இரண்டு வீட்டில் பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து, பூப்போட்ட சேலை கட்டி வந்தாள். டப்பா ரிப்பேர் என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "காலையில பன்னி சுட்டுக்கிட்டு இருந்தீகளே" என்றாள். வேறு வழியில்லாமல், வெடிப்பதற்கு முன் விளையாட்டைச் சேமித்து வைத்த இடத்துக்குப் போய் அவனை நிறுத்திக் காட்டினேன். அவன் காலை இழுத்து நடந்து வந்து காதைச் சொறிந்தான். முருகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாருங்க மதினி, வெள்ளைக்காரச் சட்டை போட்டும் அந்தத் துண்டை விடலை பாருங்க" என்று அம்மாவை இடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "வாயில என்னண்ணே?" என்று கேட்டாள். அவளே, "இங்கனயும் பீடியா?" என்றாள். அப்புறம்தான் நான் சொன்னேன். எழிலுக்கு இது என் செய்தியிலிருந்து போனது, பெயர் போடாமல் பழி போட்டது நான் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "தெரியும்ண்ணே, அன்னைக்கே டீக்கடையில வாசிச்சுட்டு வந்து சொன்னாக. நீங்களா ஒரு நாள் சொல்லுவீகன்னு இருந்தேன்" என்றாள். பதினாறு வருடம் எதிர்வீட்டில் இருந்துகொண்டு அப்படி இருந்திருக்கிறாள். விளையாட்டில் இதற்கப்புறம் வெடிக்கும், அவன் சாவான் என்பதையும் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "சாகட்டும், செத்தவுகதான. அந்தக் கொள்ளியை மட்டும் வாயிலருந்து எடுத்துரச் சொல்லுங்க."

விளையாட்டில் குதிரை சுவரில் ஏறி நின்ற பிழைக்காக உன் கம்பெனி போன வாரம் ஒரு திருத்தம் அனுப்பியது, டப்பா தானாகவே வாங்கிச் சரிசெய்துகொண்டது. ஆகவே முடியாது என்று சொல்லாதே. குழாயை எடு, நாலாவது விடை ஒன்று சேர். அறையில் எத்தனை பேர் என்று கேட்க ஒரு வழி வை. கதை சப்பென்று ஆகிவிடும், கோப்பைக்கு இழுக்கு என்று உன் மேலாளர்கள் சொன்னால், எழுதியவளின் தகப்பன் பிழைவிட்டுவிட்டான் என்று என் பெயரைப் போட்டே சொல். அதை நாகரிகம் கருதி மறைக்க வேண்டாம்.

தலையைச் சீவு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். முருகம்மாளும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நேற்று நம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். பதினாறு வருடத்துப் பழைய செய்திக்குத் திருத்தம் போட வழக்கமில்லை சார், வேண்டுமானால் நினைவஞ்சலி விளம்பரமாகப் போடலாம் என்றார்கள். போடச் சொன்னேன். வரும் பன்னிரண்டாம் தேதி, அவன் நினைவு நாளில் வருகிறது. வாசகத்தை நானே எழுதினேன், முருகம்மாளிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டிச் சரிபார்த்தேன். "எம். புதுப்பட்டி ஆலைப் போர்மேன் தங்கச்சாமி, வயது 46. புகைப் பழக்கம் இல்லாதவர். நாலு பேர் அறையில் ஒன்பது பேரை வைத்து வேலை வாங்கியதால் இறந்தார். இவ்வாறு அன்று எழுதத் தவறியவர், சீனிவாசகம், நிருபர்." என் பங்கு அச்சுக்குப் போய்விட்டது, உன் பங்கு பாக்கி.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
சீனிவாசகம்.